ஓம் வரைந்த சரிவுக்கோடு

கைவிளக்கின் சுவிட்சை அணைத்ததும் மின்னோட்டம் நின்றுவிடுகிறது. சரி, வோல்டேஜ் என்ன ஆகிறது? மின்னோட்டத்தைத் தடையால் பெருக்கினால் வோல்டேஜ் என்று பள்ளியில் மனப்பாடம் செய்த சூத்திரத்தை அப்படியே போட்டால் பூஜ்யம் வருகிறது. ஆனால் அணைத்த சுவிட்சின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தால் பேட்டரியின் முழு வோல்டேஜும் அங்கே நிற்கிறது! பல்பின் முனைகளில்தான் பூஜ்யம். சூத்திரத்தை எழுதியவர் மனத்தில் ஏதோ ஒரு படம் இருந்திருக்க வேண்டும், அது நம் பாடப்புத்தகம் வரை வந்து சேரவில்லை என்று பட்டது. அந்தப் படத்தைத் தேடித்தான் பழைய எழுத்துகளுக்குள் போனேன்.

முதலில் போனது, பெயரைக் கொடுத்தவரிடம். இத்தாலியின் கோமோவிலிருந்து அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டா 1800 மார்ச் 20 அன்று லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு பிரெஞ்சில் எழுதிய கடிதம் அது. ஒரு வெள்ளித் தகடு, ஒரு துத்தநாகத் தகடு, உப்புநீரில் ஊறிய அட்டை. மறுபடி அதே வரிசை. இப்படி 30, 40, 60 என்று அடுக்கிக்கொண்டே போனால் விரலில் விழும் அதிர்ச்சியும் கூடுகிறது என்கிறார். அளவுகருவி பாதி அவருடைய உடம்புதான். வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டாலே மின்சாரம் பிறந்துவிடும் என்று நம்பினார். ஊறிய அட்டையில் நடக்கும் வேதிவினையைப் பொருட்படுத்தவில்லை. காரணம் பிசகு. ஆனாலும் ஜோடிக்கு ஜோடி ஏதோ ஒன்று கூட்டல் கணக்காக ஏறுகிறது என்பதைப் பிடித்துவிட்டார். மின்சாரம் எவ்வளவு இருக்கிறது என்பது வேறு, எவ்வளவு முறுக்கோடு இருக்கிறது என்பது வேறு என்று அதற்கு முன்பே பிரித்துப் பார்த்தவர் அவர். இருந்தும் அவருடைய அக்கறை எல்லாம் அடுக்கின் இரு முனைகளோடு முடிந்துவிடுகிறது. நடுவிலுள்ள கம்பியில் என்ன நடக்கிறது என்ற என் கேள்விக்கு அங்கே பதில் இல்லை.

பதில் ஜெர்மனியில் கொலோன் நகரில், கணிதமும் இயற்பியலும் கற்பித்த ஒரு பள்ளி ஆசிரியரிடம் இருந்தது. ஜார்ஜ் சைமன் ஓம் 1825இல் செய்த முதல் சோதனைகள் அவரைத் தவறான விதிக்கே கொண்டுபோயின. வோல்டா பாணி மின்கலம் பயன்படுத்தப் பயன்படுத்தச் சோர்ந்துவிடும். அதை நம்பி எதை அளப்பது? ஆய்விதழ் ஆசிரியர் பொக்கெண்டார்ஃப் ஒரு யோசனை சொன்னார்: சீபெக் கண்டுபிடித்த வெப்ப மின்னிணையை எடுத்துக்கொள். பிஸ்மத்தும் செம்பும் சேரும் இரண்டு மூட்டுகளில் ஒன்று கொதிநீரில், மற்றது பனிக்கட்டியில். கொதிநீரும் பனியும் வெப்பநிலை மாறாதவை என்பதால் வோல்டேஜும் அசையாது. 2 அங்குலம் முதல் 130 அங்குலம் வரை 8 செம்புக் கம்பிகளை மாற்றி மாற்றி இணைத்து, தொங்கவிட்ட காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்தார். விதி அங்கே பிறந்தது.

ஆனால் நான் தேடிய படம் 1827இல் வந்த அவருடைய நூலில் இருக்கிறது. வில்லியம் ஃபிரான்சிஸ் 1841இல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன். கணிதம் கடினம், நல்லவேளையாக, அதற்கு முன்னால் வடிவியலாகவே விளக்கும் பகுதி ஒன்று உண்டு. மின்சுற்று என்ற வளையத்தை ஓரிடத்தில் வெட்டி நேர்க்கோடாக நீட்டுகிறார் ஓம். ஒவ்வொரு புள்ளியிலும் மின்சாரத்தின் நிலையை ஒரு உயரமாக நிறுத்துகிறார். மின்சாரம் தூண்டப்படும் இடத்தில் செங்குத்தான ஒரு தாவல். அங்கிருந்து கம்பி நெடுக சீரான சரிவு. தடை கூடிய பகுதியில் சரிவு செங்குத்தாகிறது, குறைந்த பகுதியில் தணிகிறது. மொத்த இறக்கம் மட்டும் எப்போதும் அந்தத் தாவலுக்குச் சமம். ஏதாவது ஒரு புள்ளியை நிலத்தோடு இணைத்தால் கோடு முழுவதும் மேலேயோ கீழேயோ நகரும். உயர வேறுபாடுகள் மாறுவதில்லை. மல்டிமீட்டருக்கு ஏன் எப்போதும் இரண்டு புள்ளிகள் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கண்டதில்லை.

சுவிட்ச் விவகாரமும் இதில் அடங்கிவிடுகிறது. அணைத்த சுவிட்சின் காற்று இடைவெளி மாபெரும் தடை. கம்பியிலும் பல்பிலும் கோடு சமதளமாகக் கிடக்க, இறக்கம் முழுவதும் அந்த இடைவெளியில் செங்குத்தாக விழுகிறது. வகுப்பறைகளின் தண்ணீர்த் தொட்டி உவமை இந்த இடத்தில்தான் கைவிடும்: குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும், கம்பியை வெட்டினால் ஒன்றும் கொட்டாது.

ஓமின் உயரம் உண்மையில் எதன் உயரம்? அவர் அதை மின்சாரத்தின் அடர்த்தியாகவே எண்ணினார். அது நிலைமின்னியலில் சொல்லப்படும் அழுத்தம்தான் என்று 1849இல் காட்டியவர் கிர்க்கோஃப். இன்றைய மொழியில், ஒரு கூலும் மின்னூட்டம் ஒரு புள்ளியிலிருந்து மற்றொன்றுக்குப் போகையில் கைமாறும் ஆற்றல் ஒரு ஜூல் என்றால், இடையே உள்ளது ஒரு வோல்ட்.

அலகுக்குப் பெயர் வைத்த கதை தனி வேடிக்கை. தந்திப் பொறியாளர்கள் லாட்டிமர் கிளார்க்கும் சார்லஸ் பிரைட்டும் 1861இல் அறிஞர்களின் பெயர்களை முன்மொழிந்தபோது, வோல்ட்டைத் தடைக்கும், 'ஓமா'வை நாம் வோல்டேஜ் என்பதற்கும் கொடுத்திருந்தார்கள். பிறகு பெயர்கள் இடம் மாறின. 1881இல் பாரிஸில் கூடிய சர்வதேச மின்னியல் மாநாடு இன்றைய ஏற்பாட்டை உறுதிசெய்தது. பழைய சென்டிமீட்டர்-கிராம்-நொடி அலகு நடைமுறைக்கு உதவாத அளவுக்குச் சிறியது என்பதால் அதை 10 கோடியால் பெருக்கி வோல்ட் ஆக்கினார்கள். தந்தி அலுவலகங்களில் அன்று புழங்கிய டேனியல் மின்கலம் அந்தக் கணக்கில் ஏறத்தாழ 1.1 வோல்ட்.