பெல்லாவுக்குத் தப்பி வந்தவர்கள்

அலெக்சாண்டர் மாசிடோனியாவைச் சேர்ந்தவர் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவர் பிறந்த ஊரைத்தான் பலர் மறந்துவிடுகிறோம். அது பெல்லா. கி.மு. 400ஐ ஒட்டி மாசிடோனியாவின் தலைநகரான ஊர். தந்தை பிலிப் பிறந்ததும் அங்கேதான். அன்று கடல் வளைகுடா ஊர் வரைக்கும் வந்திருந்தது. ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டலால் வளைகுடா மெல்லத் தூர்ந்துபோக, ஊர் இன்று கடலைவிட்டு வெகுதூரத்தில், வயல்களுக்கு நடுவே கிடக்கிறது. கி.மு. 168இல் ரோமானியர்கள் அரசை வீழ்த்திக் கருவூலத்தை அள்ளிச் சென்றார்கள்.

அள்ள முடியாதவை தரையில் எஞ்சின. கூழாங்கற்களைப் பதித்துச் செய்த ஓவியங்கள் அவை. ஒன்றில் இரண்டு வேட்டைக்காரர்கள் ஒரு மானை மடக்குகிறார்கள். மேலாடை காற்றில் பறக்கிறது. வெறும் கற்களை வைத்து உடம்பின் திரட்சியையும் நிழலையும் கொண்டுவந்திருக்கிறான் அந்தக் கலைஞன். க்னோசிஸ் என்று தன் பெயரையும் அதே கற்களால் பதித்திருக்கிறான். அந்த நகரத்தில் வாழ்ந்தவர்களில் என் மனம் முதலில் தேடுவது இவனைத்தான், அலெக்சாண்டரை அல்ல.

அலெக்சாண்டரின் படையெடுப்புக்குப் பின் கிரேக்கர்கள் கிழக்கே பரவியபோது, யோர்தான் பள்ளத்தாக்கில் இருந்த பழைய ஊர் ஒன்றும் பெல்லா ஆனது. பிஹில் என்ற அதன் பழம்பெயரும் கிட்டத்தட்ட அப்படித்தான் ஒலித்தது. கி.பி. 70இல் ரோமப் படை எருசலேமை அழிப்பதற்கு முன்பே அங்கிருந்த கிறிஸ்தவர்கள் இந்தப் பெல்லாவுக்குத் தப்பிப் போனார்கள் என்று நான்காம் நூற்றாண்டில் யூசேபியஸ் எழுதினார். உண்மையிலேயே அப்படி நடந்ததா என்று வரலாற்றாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஆனால் அதை நம்பியவர்கள் உலகின் வேறு மூலைகளில் ஊர்களையே எழுப்பிவிட்டார்கள்.

தென்னாப்பிரிக்காவில், ஆரஞ்சு ஆற்றுக்குத் தெற்கே, வறண்ட நிலத்தில் ஒரு பெல்லா இருக்கிறது. ஆற்றுக்கு அப்பால், இன்றைய நமீபியாவில் நடந்த தாக்குதலுக்கு அஞ்சி ஓடிவந்தவர்களுக்காக லண்டன் மிஷனைச் சேர்ந்தவர்கள் 1814இல் அமைத்த குடியிருப்பு அது. அமெரிக்காவின் அயோவாவில் இன்னொன்று. நெதர்லாந்தில் அரசு சார்ந்த திருச்சபையை விட்டுப் பிரிந்ததற்காக அபராதமும் சிறையும் கண்ட மக்கள், ஹென்றிக் ஸ்கோல்ட்டே என்ற போதகரின் தலைமையில் கடல் கடந்து போய் 1847இல் அமைத்த ஊர். இன்று அங்கே காற்றாலை சுழல்கிறது. மே மாதத்தில் ட்யூலிப் திருவிழா நடக்கிறது.

இந்த இரண்டு ஊர்க்காரர்களும் பெயர் வைத்தபோது மாசிடோனியாவின் அரண்மனையை நினைக்கவில்லை. யோர்தான் பள்ளத்தாக்கில் அகதிகளுக்கு இடம் கொடுத்த ஊரைத்தான் நினைத்தார்கள். உலகை வெல்லப் படை புறப்பட்ட நகரத்தின் பெயர் ஓடி ஒளிந்தவர்களின் கையில் வந்து சேர்ந்தது என்பதில் எனக்கு அப்படியொரு நிறைவு. அலெக்சாண்டர் தன் பெயரில் நிறுவிய அலெக்சாண்ட்ரியாக்கள் பல. அவற்றில் எதுவும் என்னை இவ்வளவு தூரம் பின்தொடர வைத்ததில்லை.