வேடம் காட்டிய மெய்

பிரெஞ்சு நாடகாசிரியர் மொலியேரின் ‘கற்பனை நோயாளி’ என்னும் நகைச்சுவை நாடகத்தைப்பற்றி ஒருநாள் வகுப்பிலே எடுத்துரைத்தோம். மாணவர் சிரித்தனர், நாமும் சிரித்தோம். வீடு திரும்பும் வழியிலேதான் அச்சிரிப்பு எம்மைக் குத்தலாயிற்று.

1673ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் அரங்கேறிய நாடகம் அது. ஆர்கான் என்னும் செல்வர் நோயற்றவர். எனினும் தம்மைப் பெருநோயாளியாக எண்ணி, மருந்துச் செலவைக் கணக்கிட்டிருப்பவர். வீட்டிலேயே ஒரு வைத்தியன் இருத்தல் நலமென்று கருதி, மகளை மூட வைத்தியன் ஒருவனுக்கு மணமுடிக்கத் துணிகின்றார். பணிப்பெண் துவானெத் அஞ்சாதவள். இத்தனை மருந்துண்ண வந்த நோய்தான் யாது என வினவுகின்றாள். அம்மணம் தகாதென்றும் எதிர்த்துரைக்கின்றாள். ஆர்கானோ கோலுடன் அவளை நாற்காலியைச் சுற்றித் துரத்துகின்றார்.

பின்னர் அவளே வைத்தியர் வேடம் பூண்டு வருகின்றாள். தனக்கு வயது 90 என்கின்றாள், அவர் வியக்கின்றார். தலைவலியாயினும் வயிற்றுவலியாயினும் நோய் நுரையீரலிலேயே என்கின்றாள். அவர் பொறுமையோடு கேட்கின்றார். ஒரு கையை வெட்டி, ஒரு கண்ணையும் பிடுங்கிவிட்டால் மற்றவை செழிக்கும் என்ற பின்னரே தயங்குகின்றார். பணிப்பெண்ணின் உடையில் வந்த நல்லறிவுக்குக் கோல். வைத்தியர் அங்கியில் வந்த பிதற்றலுக்கு மரியாதை!

அவரை இறந்தவர்போலக் கிடக்கச் செய்வதும் அவள் சூழ்ச்சியே. இரண்டாந்தாரம் மகிழ்கின்றாள், மகள் கதறுகின்றாள். பொய்ச்சாவு மெய்யன்பைக் காட்டிவிடுகின்றது.

ஆர்கானாக நடித்தவர் மொலியேரே. அவ்வாண்டு பெப்ரவரி 17ஆம் நாள், நான்காம் முறை நடிக்கையில் மெய்யாகவே நோய் மிகுந்து, அன்றிரவே உயிர்நீத்தார்.

எம்மைக் குத்தியது யாதெனில்: முன்னொரு தவணையில், கடைசி வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் ஒரு செய்யுளுக்குப் புதுப்பொருள் கூறினான். “இரு” என்று அடக்கிவிட்டோம். சில கிழமைகளின் பின் அதே பொருளை ஒரு பேரறிஞரின் நூலிற் கண்டு, வகுப்பிலே வியந்து பாராட்டினோம். அவன் தலைகவிழ்ந்திருந்தான். ஆர்கானுக்கும் எமக்கும் வேற்றுமை யாது?

மறுநாள் வகுப்பிலே அவனை எழுப்பி, அப்பொருளை முதலிற் கூறியவன் அவனே என்றோம்.

“நான் மறக்கவில்லை, ஐயா” என்று மட்டும் சொல்லி அமர்ந்தான்.