சட்டை கழற்றிய ஹெரால்டு

முதலில் கூரை வந்தது. போல்ட்டுகளைத் திருகி எடுத்ததும் டிபன் பாக்ஸ் மூடி மாதிரிக் கையோடு வந்துவிட்டது. அப்புறம் நாலு பேர் மூலைக்கொருவராகக் குனிந்து, ஒரு முக்கலோடு காரின் பின்னுடம்பைத் தூக்கித் தென்னைமரத்தடியில் வைத்தார்கள். தரையில் மிச்சம் நின்றது இரும்புச் சட்டம், சக்கரங்கள், எஞ்சின், ஸ்டீயரிங், அவ்வளவுதான். டேங்க் பின்னுடம்போடு போய்விட்டதால் ஆஸ்பத்திரி குளுக்கோஸ் பாட்டில் ஒன்றில் பெட்ரோலை ஊற்றி, டியூப் சொருகித் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். காருக்கு டிரிப்ஸ் ஏறியது. மேஸ்திரி சட்டத்தின்மேல் ஒரு பலகைப்பெட்டியைப் போட்டு உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். உடம்பே இல்லாத கார் சந்து முனைவரை போய்த் திரும்பி வந்தது. பின்னால் ஏழெட்டுப் பையன்கள் ஓடினோம்.

“இன்னாடா அப்பிடிப் பாக்குற? சட்ட கயட்டாம எப்பிடிடா குளிப்பாட்டுறது?” என்றார் மேஸ்திரி.

அது 1979. எனக்குப் பதினோரு வயது. அப்பா கிண்டி எஸ்டேட்டில் டர்னர். 1958-இல் தொடங்கிய அந்தத் தொழிற்பேட்டைக்கு எங்கள் ஈக்காட்டுத்தாங்கல் கூப்பிடு தூரம். பெயரில் இருக்கும் தாங்கல் என்பது மழைத் தண்ணீரைத் தாங்கி நிற்கும் சின்ன ஏரி. நாங்கள் குடியேறியபோது ஏரியைப் பார்த்ததாகச் சொல்ல ஆள் இருந்தார்கள், ஏரி இல்லை. வடக்கே அடையாறு, ஆற்றைத் தாண்டினால் ஜாபர்கான்பேட்டை. நடுவில் ஓட்டு வீடுகள், எருமைகள், முள்வேலி போட்ட காலி மனைகள். அந்த மனைகளில்தான் தகரக் கொட்டகை போட்டுப் பட்டறைகள் வந்தன. எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்தவர்கள் சாயங்காலம் அங்கே வந்து இரண்டாவது ஷிப்டு பார்ப்பார்கள். லேத், கிரைண்டிங், வார்ப்பு, முலாம் என்று எந்த வேலை தெரிந்த ஆளும் பத்து நிமிட நடையில் கிடைப்பார். இப்படி ஒரு வசதி இருந்தால் யாராவது கார் கட்ட ஆரம்பிக்காமல் இருப்பார்களா?

அந்தக் காலத்தில் கார் வாங்குவதென்றால் அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு. நான்காவது என்ற பேச்சுக்கே இடமில்லை. முதல் இரண்டிலும் உடம்பேதான் எலும்பு. கன்னாபின்னாவென்று அறுத்தால் நடு முறிந்து தொங்கும். ஸ்டாண்டர்டு கம்பெனியின் ஹெரால்டு அப்படியில்லை. அடியில் தனியாக ஒரு சட்டம். அதன்மேல் கூரை, முன்பாகம், பின்பாகம், பானெட் என்று துண்டு துண்டாகப் போல்ட்டில் பூட்டியிருப்பார்கள். 1959-இல் இங்கிலாந்தில் அது வந்தபோதே இந்த முறை பழசாகத்தான் பட்டது. கதை வேறு. ஸ்டாண்டர்டு டிரையம்ப் கம்பெனிக்கு உடம்பு செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஆலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிக்கொண்டது. முழு உடம்பையும் ஒரே இடத்தில் செய்து தர ஆள் இல்லை. ஆகவே துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து பூட்டிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தார்கள். உருவம் வரைந்து கொடுத்தவர் இத்தாலிக்காரர் மிக்கேலாட்டி. அங்கே வேறு வழியில்லாமல் செய்த ஏற்பாடு இங்கே எங்கள் சந்துக்குப் பிழைப்பாயிற்று.

ஹெரால்டு நம் ஊர்க் காரும்கூட. ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் 1961-இலிருந்து செய்தார்கள். நாலு கதவு வைத்த ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது. கல்யாணத்துக்குப் போகும் குடும்பம் இரண்டு கதவுக்குள் எப்படி நுழைந்து இறங்கும்! இருபத்தைந்தடி வட்டத்தில் திரும்பிவிடும் என்பதால் எங்கள் சந்திலேயே அது வளைந்து திரும்பும். அம்பாசிடரை ரிவர்ஸில்தான் வெளியே எடுக்க வேண்டும்.

பட்டறையின் சோறு என்னவோ அம்பாசிடர்தான். பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றுவது, டாக்சிக்காரர்களுக்கு டிங்கர் வேலை, பட்டி பார்த்து டூகோ அடிப்பது. அந்தக் காசில் வீட்டு அடுப்பு எரிந்தது. ஹெரால்டு மேஸ்திரியின் பைத்தியம். யாராவது கண்டம் ஆன ஹெரால்டு ஒன்றை ஓட்டிவந்து, “மேஸ்திரி, சோழவரம் ரேசுக்கு ஒண்ணு பண்ணிக் குடுங்க” என்றால் போதும், டாக்சிகள் வரிசையில் காய வேண்டியதுதான்.

காகிதத்தில் வரைபடம் கிடையாது. சாக்பீஸால் தரையில் பக்கவாட்டுக் கோடு இழுப்பார். மெல்லிய கம்பியை வளைத்து வளைத்து அந்தக் கோட்டுக்கு எலும்புக்கூடு கட்டுவார்கள். அது பார்வைக்கு நன்றாயிருக்கிறதா என்று மூன்று நாள் சும்மா விட்டுவிடுவார். போகும்போதும் வரும்போதும் ஓரக்கண்ணால் பார்ப்பார். நான்காம் நாள் கம்பியை இரண்டு விரல் இறக்குவார். பிறகுதான் தகடு. மணல் மூட்டையின்மேல் தகட்டை வைத்து மரச்சுத்தியால் தட்டத் தட்ட, நடு குழிந்து கிண்ணமாகும். அதைத் திருப்பி அடியில் டாலி கொடுத்து மேலே இரும்புச் சுத்தியால் ஒற்றி ஒற்றி வழவழப்பாக்குவார்கள். கண்ணால் பார்த்துச் சரி சொல்ல மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுவார். எங்கேயாவது கை நின்றால் அங்கே சாக்பீஸ் வட்டம். கோயில் நகை செய்கிற ஆசாரியிடம்கூட அந்தத் தடவலை நான் பார்த்ததில்லை.

எஞ்சினில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ஹெட்டை எஸ்டேட்டில் கொடுத்து ஒரு மயிரிழை சீவுவார்கள், அமுக்கம் கூடும். காற்று போகும் வழியை எமரியால் தேய்த்துப் பளிங்காக்குவார்கள். கார்பரேட்டர் ஜெட்டின் ஓட்டையைப் பெரிதாக்குவார்கள். மற்ற சாமான்களுக்குப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகள்.

அந்த ஜெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோழவரம் போக ஒரு வாரம் இருக்கும்போது மேஸ்திரி சோலெக்ஸ் கார்பரேட்டரைப் பிரித்தார். அப்பா கடைசல் பிடித்துக் கொண்டுவந்திருந்த பித்தளை ஜெட், உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிசு. “கைல வெச்சிக்கோடா” என்று என்னிடம் கொடுத்தார். ஐந்து நிமிடம் பத்திரமாக வைத்திருந்தேன். அப்புறம் தெருவில் யாரோ காற்றாடி விட்டார்கள். திரும்பிப் பார்த்தபோது உள்ளங்கையில் வியர்வை மட்டும் இருந்தது. ஆற்று மணல் கொட்டிய தரை, உளுந்தளவு பித்தளை. மேஸ்திரி கேட்டபோது, “நீங்கதானே வாங்கி டேபிள்ல வெச்சீங்க” என்று சொல்லிவிட்டேன். பட்டறையே மணலைச் சல்லடை போட்டது. அப்பா ராத்திரி ஷிப்டில் இன்னொன்று கடைந்து எடுத்துவந்தார்.

சோழவரம் வடக்கே, கல்கத்தா ரோட்டில். இரண்டாம் உலகப் போரின்போது போட்ட விமான ஓடுபாதை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் ஆண்டுதோறும் பந்தயம் நடத்தியது. பிப்ரவரி வந்தால் ஊரே அங்கே இருக்கும். நிழல் என்று ஒரு செடிகூடக் கிடையாது. வைக்கோல் கட்டுகளை அடுக்கி வளைவு செய்திருப்பார்கள். மகாராஜாக்கள் வந்தார்கள், விஜய் மல்லையா ஃபார்முலா கார் ஓட்டியதும் அங்கேதான். கப்பலில் வந்து இறங்கிய வண்டிகள் ஒரு பக்கம், உள்ளூர்க் கொட்டகைகளில் பிறந்த வண்டிகள் இன்னொரு பக்கம். வித்தியாசம் கண்ணை மூடினாலும் தெரியும். அவற்றின் சத்தம் கிழித்துக்கொண்டு போகும். நம்முடையவை இருமிக்கொண்டு போகும். எங்கள் சிவப்பு ஹெரால்டு மூன்றாவது சுற்றில் ரேடியேட்டர் கொதித்து, வெண்ணீறு பூசிய சாமியார் மாதிரி ஆவி சூழ ஓரங்கட்டியது. ஓட்டிய முதலாளி ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் அடித்தார். மேஸ்திரி பானெட்டைத் தூக்கி, எஞ்சினைப் பார்க்காமல், மடிப்பு ஓரத்தில் பெயிண்ட் வெடித்திருக்கிறதா என்று பார்த்தார்.

மிச்சக் கூலியை அந்த முதலாளி கடைசிவரை தரவில்லை. தென்னைமரத்தடிப் பின்னுடம்பையும் எடுத்துப்போக வரவில்லை. அதில் கோழி முட்டையிட்டது. நாங்கள் உட்கார்ந்து மதுரைவரை ஓட்டினோம்.

மெட்ராஸில் இதெல்லாம் புதிசில்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. 1840-இல் குதிரை வண்டி கட்ட ஆரம்பித்த மவுண்ட் ரோடு சிம்சன் கம்பெனியில், 1903-இலேயே சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவிக் கார் ஒன்றைக் கட்டி ஓட்டியிருக்கிறார். சந்து மேஸ்திரிகளின் வேலையை ஸ்டாண்டர்டு ஆலையே ஒரு தரம் செய்தது. 1985-இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 காருக்கு ரோவரின் நவநாகரிக உடம்பு, உள்ளே ஸ்டாண்டர்டின் பழைய வேன்கார்டு கார் காலத்து எஞ்சின். மேஸ்திரி அதைச் சுற்றிவந்து பார்த்து, “நம்ம வேலதான், ஆனா நாம மாத்தி செய்வோம்” என்றார். பழைய உடம்பில் புது எஞ்சின் வைப்பவர் அவர். அந்தக் கார் மூன்று வருஷம் தாக்குப்பிடித்தது. ஆலையும் அதோடு சரி.

அதற்குள் மாருதி வந்துவிட்டது. அதன் உடம்பும் எலும்பும் ஒன்று. சட்டை கழற்ற வழியில்லை. ஆனால் அதன் 796 சி.சி. எஞ்சினைக் கோயம்புத்தூரில் பந்தயக்காரர் கரிவரதன் வேறு கண்ணால் பார்த்தார். அதை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை, ஒன்றைப்போல் இன்னொன்றாக, வரிசையாகச் செய்தார். ஃபார்முலா மாருதி. நாராயண் கார்த்திகேயன் போன்றவர்கள் அந்தக் காரில் பழகி மேலே போனார்கள். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். பந்தயமும் 1990-இல் சோழவரத்தை விட்டு இருங்காட்டுக்கோட்டையின் புதுத் தடத்துக்குப் போயிற்று. எல்லாருக்கும் ஒரே கார், ஓட்டுபவர்தான் ஜெயிக்க வேண்டும் என்ற ஏற்பாடு நியாயமானதுதான். மேஸ்திரிக்கு மட்டும் அதில் வேலை இல்லை.

இன்று வண்டியை மாற்றிக் கட்டினால் ரோட்டில் ஓட்ட முடியாது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பிரேக்கை மாற்றாமல் எஞ்சினை மட்டும் பெரிசாக்கிய வண்டிகளில் ஏறியிருக்கிறேன். அதனால் எனக்கு இதில் கோபம் இல்லை.

2015 ஜூனில் மெட்ரோ ஓட ஆரம்பித்தது, டிசம்பரில் அடையாறு தெருவுக்குள் வந்தது. பட்டறைச் சந்தில் இப்போது அடுக்குமாடிகள். ஒரு கடை மட்டும் கார்க் கடை. புதுக் காருக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் உறை ஒட்டுகிறார்கள், ஏ.சி. போட்டு, கையுறை மாட்டி.

மேஸ்திரி இப்போது மகனோடு பூந்தமல்லிப் பக்கம் இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது. போன பொங்கலுக்குப் பார்க்கப் போனேன். பேச்சு பிடிபடவில்லை, காது மந்தம். சிவப்பு ஹெரால்டு, சோழவரம் என்று கத்திச் சொன்னேன். வெகுநேரம் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் என் வலது கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையைப் பெருவிரலால் ஒரு தரம் தடவினார்.

“ஜெட்ட தொலச்சவன்தான நீ?” என்றார்.