உதிர்வும் கருகலும்

தோட்டத்து மக்கள் இருவகைச் சாவை அறிவர். மலாக்கா மாநிலத்தில் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் ஆண்டின் தொடக்க மாதங்களில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து நிற்கும்; பால் குறையும்; எனினும் சில வாரங்களில் செம்புநிறத் தளிர் வரும். அஃது உதிர்வு. களைக்கொல்லி பட்ட லாலாங் புல் கருகுவதோ வேறு. முன்னது வாழ்வின் ஒழுங்கு. பின்னது வெளியிலிருந்து வந்த நஞ்சின் வேலை.

உடலின் உயிரணுக்களுக்கும் இவ்விரண்டும் உண்டு. தம் முறைப்படி அணுக்கள் மடிவதற்கு, 1972-இல் கெர், வில்லி, கரி என்னும் ஆய்வாளர் மூவர், இலையுதிர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையே தேர்ந்து, ‘அப்போப்டோசிஸ்’ எனப் பெயரிட்டனர்.

உயிருள்ள உடலில் இதனைக் காண்பது எங்ஙனம்? கங்கைச் சமவெளி நீர்நிலைகளில் வாழ்வதும், 1822-இல் ஹாமில்டன் தம் நூலில் விவரித்ததுமான வரிக்குதிரை மீன் இதற்குத் துணையாகிறது. அதன் குஞ்சின் உடல் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும். லிட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம் ‘அக்ரிடின் ஆரஞ்சு’ சாயம் கலந்த நீரில், ஒளி படாமல், அரைமணி நேரம் குஞ்சுகளை விடுவர். பின்னர் நன்னீரில் பலமுறை அலசி, மயக்கமருந்து தந்து, நுண்ணோக்கியின் நீல ஒளியில் நோக்குவர். மடியும் அணுக்கள் பச்சைப் புள்ளிகளாய்ச் சுடரும்.

புள்ளியைக் கண்டதும் நஞ்சென்று முடிவு கட்டலாகாது. வளரும் மூளையிலும் கண்ணிலும் அணுக்கள் இயல்பாகவே மடிகின்றன. மஞ்சட்கரு சாயமின்றியும் சற்று ஒளிரும். ஆதலின், மருந்து படாத உடன்பிறப்புக் குஞ்சுகளையும் அவ்வாறே சாயமிட்டு ஒப்பிடுவர். அவற்றினும் மிகுந்து தோன்றும் புள்ளிகளே நஞ்சின் கணக்கு. சாயமும் மரபணுப் பொருளில் ஒட்டுவது. ஆகவே கையுறையின்றித் தொடலாகாது.

இவ்வொப்பீடு வெறும் ஆய்வுக்கூட விளையாட்டன்று. தோட்டப் பெண்கள் கலத்தை முதுகில் சுமந்து தெளித்த பாராகுவாட் களைக்கொல்லி, மலேசியாவில் முற்றாகத் தடைசெய்யப்பட்டது 2020-இல்தான். அதற்குள் எத்தனை ஆண்டுகள் அவர்களின் இருமலும் நகச்சிதைவும் வயதின் இயல்பென்று தள்ளப்பட்டிருக்கும்! இயல்பான உதிர்வு எது, நஞ்சிட்ட கருகல் எது என்று பிரித்தறியாத இடத்தில், உழைப்பவரின் துன்பம் விதியின் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது. பச்சைப் புள்ளிகளைப் பொறுமையுடன் எண்ணுவோர் அக்கணக்கைத் திருத்துகின்றனர். எண்ணி முடித்தபின், மீன்குஞ்சைத் தெளிந்த நீரில் விட்டு, அது விழித்து நீந்தும்வரை காத்திருக்கின்றனர்.