டீச்சரக்காவும் மூன்று பழைய கம்ப்யூட்டரும்



அழகர்கோவில் அடிவாரத்தில் ஒரு சின்ன அறக்கட்டளை நடத்தும் மாலை நேர டியூஷன் இருக்கிறது. என் அப்பாவுக்குக் கையெழுத்து போட மட்டுமே தெரியும். நான் பத்தாவது தேறியது அந்த டியூஷனால்தான்.

அங்கே தானமாக வந்த மூன்று பழைய கம்ப்யூட்டர்கள் உண்டு. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு அந்தப் பெட்டிகள் தகுதியில்லை. "தம்பி, நீதான் கம்ப்யூட்டர் படிக்கிறியே, ஏதாச்சும் பண்ணுப்பா" என்றார் டீச்சரக்கா.

பண்ணினேன். நண்பர்களிடம் பெருமையடிக்க நான் வைத்திருந்த லினக்ஸையே போட்டேன். தினமும் புதுசு புதுசாக அப்டேட் வரும் வகை. ஒரு மாதத்தில், எனக்கு பிராக்டிகல் நடந்த வாரம், ஒரு அப்டேட்டுக்குப் பிறகு திரை கறுப்பாகிவிட்டது. நன்கொடை தந்தவர்களுக்குக் கணக்கு அனுப்ப வேண்டிய நேரம். அக்கா நோட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி மதுரை போய் டைப் அடித்து வந்திருக்கிறார். என்னை ஒரு வார்த்தை சொல்லலை. அதுதான் ரொம்ப உறுத்திச்சு.

டிப்ளமோ முடிந்ததும் ஓசூரோ ஸ்ரீபெரும்புதூரோ போய்விடுவேன். அப்புறம் யார் பார்ப்பது? இரண்டாவது தடவை இந்த ஒரு கேள்வியை வைத்தே தேர்ந்தெடுத்தேன். லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2024 ஜூலையில் வந்தது. 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. 4 ஜிபி நினைவகத்தில் ஓடுகிறது. மெனு பழைய இடத்திலேயே, இடது மூலையில். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, பிரிண்டர் வேலை செய்கிறதா என்று உறுதி செய்த பிறகே ஏற்றினேன். மூன்றிலும் ஒரே அமைப்பு, தமிழ்99 விசைப்பலகை.

"காலேஜ்ல குடுத்த லேப்டாப்லயும் இப்படி ஒண்ணு இருந்துச்சே" என்றார் அக்கா. வாஸ்தவம். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. டெபியனை வைத்து சி-டாக் உருவாக்கியது அது. நாம்தான் திறந்து பார்க்கவில்லை.

டைம்ஷிஃப்ட் என்ற வசதி மின்ட்டிலேயே இருக்கிறது. கணினியைப் பழைய நிலைக்குத் திருப்பிவிடும். அக்காவுக்குப் பரீட்சை வைத்தேன். லிப்ரே ஆபீஸை வேண்டுமென்றே நீக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். "பாத்துக்கிட்டே இருக்கியே, சொல்லேன்டா!" சொல்லவில்லை. இருபது நிமிஷத்தில் தானாகவே மீட்டுவிட்டார்.

அதற்கப்புறம் ஒரே ஒரு தடவைதான் போன் வந்தது. மொட்டை மாடியில் குரங்கு நெட் ஒயரைக் கடிச்சுப் போட்டிருச்சாம்.

— மூன்றாமாண்டு, கணினிப் பொறியியல்