ஓரம் வெட்டாத புத்தகம்

பைண்டிங் பழகப் போனபோது நூல் எனக்குப் புதிதில்லை. பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டும் குடும்பம். அறுந்த இழையைப் பார்க்காமலே முடிச்சுப் போடுவேன். திருத்தணியில் மாஸ்டரின் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. பள்ளிக்கூட வருகைப் பதிவேடு, அடகுக்கடைப் பேரேடு, வக்கீல் வீட்டுச் சட்டப் புத்தகம், பெரும்பாலும் இவைதான் வரும். கதைப் புத்தகம் வருவது அபூர்வம். வந்தால் மாஸ்டர் அதைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, ராத்திரி படித்துவிட்டுத்தான் பிரிப்பார்.

முதல் பாடம் பசை. மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்து, கை ஓயாமல் கிண்டி, வெள்ளை மாறித் தெளிகிற நேரத்தில் கொஞ்சம் மயில்துத்தம் போட வேண்டும். துத்தம் இல்லாத பசையைப் பூச்சி விடாது. அடுத்தது பிரிப்பது. பழைய முதுகை ஈரத் துணியால் ஊறவைத்து, காய்ந்த பசையைச் சுரண்டி, பழைய நூலை அறுத்து ஃபாரம் ஃபாரமாக எடுக்க வேண்டும். மடிப்பு கிழிந்திருந்தால் மெல்லிய தாளை நீளமாகக் கிழித்து ஒட்ட வேண்டும். கத்தரியால் வெட்டினால் விளிம்பு தடித்துத் தெரியும்; கையால் கிழித்தால் தாளோடு தாளாகப் போய்விடும். அப்புறம் தையல், தட்டி முதுகு வளைப்பது, அட்டை, காலிக்கோ.

எனக்குப் பிடித்த வேலை சீவுவது. கட்டிங் மிஷினில் வைத்து மூன்று பக்கமும் ஒரு சீவு சீவினால் எந்தக் கிழப் புத்தகமும் புதுசாகிவிடும்.

அரக்கோணத்திலிருந்து ஓர் அண்ணனும் தங்கையும் ‘மோட்ச பிரயாணம்’ கொண்டுவந்தார்கள். அப்பாவுடையது, லெந்து நாட்களில் தவறாமல் படிப்பார் என்றார் அண்ணன். நன்றாகச் சீவி, முதுகில் தங்க எழுத்து போட்டுத் தர வேண்டும் என்றார். தங்கை பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். அதே கதையின் இரண்டாம் பாகம், அளவில் சின்னது. “இதையும் அதோட சேத்து ஒண்ணா தைச்சிடுங்க.”

“அது வேணாம்மா. முதல் பாகம் போதும்.”

“உனக்குப் போதும்.”

சண்டை எதற்கென்று அப்போது எனக்கு விளங்கவில்லை. மாஸ்டர் இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த வாரம் வரச் சொன்னார்.

கதை ஜான் பன்யன் எழுதியது. பாத்திரம் ஒட்டிப் பிழைத்த இங்கிலாந்துக்காரர். அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காகப் பன்னிரண்டு வருடம் பெட்ஃபோர்டு சிறையில் இருந்தவர். முதல் பாகம் 1678-ல் வந்தது. முதுகில் மூட்டையோடு ஒருவன் தன் ஊர் அழியப்போகிறது என்று அறிந்து ஓடுகிறான். பெண்டாட்டி பிள்ளைகள் கூப்பிடக் கூப்பிட, காதில் விரலை வைத்துக்கொண்டு ஓடுகிறான். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் சிவப்புப் பென்சிலில் ‘ஆமென்’ என்று இருந்தது. அதன் கீழே நீல மையில், வேறு கையெழுத்தில், ‘பிள்ளைகளை யார் பார்ப்பது?’

அப்பா சிவப்பு, அம்மா நீலம். புத்தகம் முழுக்க அப்படித்தான். நம்பிக்கையிழப்பு என்னும் அரக்கன் பயணிகளைக் கோட்டையில் பூட்டிவைக்கிற இடத்தில் இரண்டு நிறமும் அடிக்கோடு போட்டிருந்தன. சாவி இத்தனை நேரமும் தன் மடியிலேயே இருந்தது என்று ஓடிவந்தவன் கண்டுபிடிக்கிற இடம் அது. மடிப்பு அங்கேதான் அதிகம் இற்றுப்போயிருந்தது. கடைசியில் அறியாமை என்கிற ஆள் மோட்ச வாசல்வரை வந்து, கையில் சீட்டு இல்லாததால் கட்டப்பட்டு நரகத்துக்குப் போகிறான். அங்கே சிவப்பில் ஒரு வேத வசனத்தின் எண். நீலத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும்.

தங்கை கொண்டுவந்த இரண்டாம் பாகம் 1684-ல் வந்தது. விட்டுப்போன மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதே வழியில் நடக்கிறாள். அம்மாவின் கேள்விக்குப் பன்யன் ஆறு வருடம் கழித்துச் சொன்ன பதில் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் புத்தகத்தில் சிவப்புக் கோடு ஒன்றுகூட இல்லை. பிற்பாடு மார்க் ட்வைனின் ஹக்கிள்பெரி ஃபின் கதையைப் படித்தபோது, அந்தப் பையனும் ஒரு வீட்டில் பன்யனின் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, குடும்பத்தை விட்டுப் போனவன் கதை, ஏன் போனான் என்று சொல்லவில்லை என்று முனகுவதைக் கண்டேன். அரக்கோணத்து அம்மா ஞாபகம்தான் வந்தது.

மாஸ்டருக்கு வேறு குறை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பவர், டிசம்பர் 31 ராத்திரி படிபூஜைக்குத் திருத்தணி மலையேறுபவர். “சுமை நடுவழியிலயே சிலுவைகிட்ட வுழுந்துடுதுடா. நாம முந்நூத்தி அறுபத்தஞ்சு படியும் தூக்கினு போய்த்தானே எறக்குறோம்? எறக்கினப்புறம் இவன் இன்னாத்துக்கு நடக்குறான்?”

கடைக்கு வரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் இதையெல்லாம் ஒதுக்கித் தள்ளினார். உரைநடையில் என்ன ருசி, எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இதே கதையைக் காப்பியமாகவே பாடி 1894-ல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ கொண்டுவந்துவிட்டாரே என்றார். வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் ஊறியவர் கிறிஸ்தவரானால் அப்படித்தான் பாடுவார் என்றார். பாதிரிமாரோடு மல்லுக்கட்டுவது இந்த ஊருக்குப் புதிதா என்று தத்துவ அறிஞர் ராதாகிருஷ்ணனையும் இழுத்தார்: 1888-ல் இங்கே பிறந்து, திருப்பதி லுத்தரன் மிஷன் பள்ளி, வேலூர் ஊரிஸ் கல்லூரி, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி என்று படித்தவர், அங்கே இந்து சமயத்தைப் பற்றிக் கேட்ட விமர்சனம்தான் அவரை வேதாந்தத்துக்குள் தள்ளியது. ஆசிரியர் சொன்னது எல்லாம் சரி. ஆனால் அவர் வைத்திருந்த யாத்திரிகத்தில் தையல் துளியும் தளரவில்லை. பைண்டருக்கு அது ஒன்று போதும்.

வேலைக்கு வருவோம். இரண்டு அளவுத் தாளை ஒன்றாகத் தைக்க வேண்டும். சின்னதின் அளவுக்குப் பெரியதைச் சீவிவிட்டால் விளிம்பு ஒரே மட்டமாக வரும். அப்பா அம்மா எழுதியதில் முக்கால்வாசி குப்பைக்கூடைக்குப் போகும். பெரியதை மட்டும் லேசாகச் சீவினாலும் நீல எழுத்தின் வால் போய்விடும். மாஸ்டர் மிஷின் பக்கமே போகவில்லை. தலைப்பக்கத்தையும் முதுகையும் ஒரு மட்டமாகச் சேர்த்து, கீழேயும் முன்பக்கமும் ஏறியிறங்கியபடி இருக்கட்டும் என்று விட்டு, அட்டையைப் பெரிய அளவுக்கு வெட்டச் சொன்னார். நான் தைத்தேன். “ஓரம் நம்மளது இல்லடா” என்றார், அவ்வளவுதான். பன்யனே தன் பக்க ஓரங்களில் குறிப்பு அச்சிட்டவர் என்பது அவருக்குத் தெரியாது. எழுதிய கையோடு பன்யன் நண்பர்களிடம் காட்டியபோது சிலர் அச்சிடு என்றார்கள், சிலர் வேண்டாம் என்றார்கள். சரி, அச்சிட்டுப் பார்ப்போம் என்று முடிவெடுத்ததாகப் புத்தகத்தின் முன்னால் அவரே பாட்டாக எழுதிவைத்திருக்கிறார்.

அண்ணனுக்கு ஏறியிறங்கிய விளிம்பைப் பார்த்ததும் முகம் மாறியது. “இன்னா மாஸ்டர், வெட்டாமலே வுட்டுட்டீங்க?”

மாஸ்டர் பேசாமல் அந்தக் காதில் விரல் வைக்கிற பக்கத்தைத் திறந்து நீட்டினார். அண்ணன் நின்றபடியே வெகுநேரம் புரட்டினார். நீலத்தை அவர் அதுவரை படித்ததே இல்லை என்று தோன்றியது. மாஸ்டர் தன் சுமைக் கேள்வியை விடவில்லை, அவரிடமும் கேட்டார்.

“சுமை எறங்கினா முடிஞ்சுதுன்னு யாரு சொன்னது? அதுக்கப்புறந்தாங்க மலையே வருது. முட்டி போட்டு ஏறுறான் பாருங்க.”

மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. தங்கை இருவரையும் மறித்து, கடைசியில் கொஞ்சம் வெள்ளைத் தாள் சேர்க்க முடியுமா என்று கேட்டார்.

“எதுக்கு?” என்றார் அண்ணன்.

“எழுதத்தான்.”

“நாலு பக்கம் போதும்.”

“பத்தாது.”

மாஸ்டர் கடைசி அட்டையை மறுபடி பிரிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். பதினாறு பக்கம், ஒரு முழு ஃபாரம். வெள்ளைத் தாளானாலும் தையல் கூலி தனி என்று சொல்லிவிட்டார்.