டைலுக்குக் கீழே

ரொறன்ரோவில் குளியலறை திருத்த வேண்டும் என்று என்னைக் கூப்பிடுகிறவர்களில் பலர், டைலை வாங்கிக் கராஜில் அடுக்கி வைத்துவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். பெட்டியைப் பிரித்து ஒன்றை எடுத்துக் காட்டுவார்கள். இரண்டடிக்கு நான்கடி, பால் வெள்ளை, சாம்பல் நிறத்தில் நரம்பு ஓடும், குனிந்தால் முகம் தெரியும். "வடிவாய் இருக்கல்லோ அண்ணை?" வடிவுதான். பிறகு, புறப்படும் நேரத்தில் ஞாபகம் வந்ததுபோல, "கீழே சூடு வாற வயரையும் போட்டு விடுங்கோ" என்பார்கள். வருஷக்கணக்காக முழங்காலில் நின்று டைல் பதிக்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன், இந்த வரிசை தலைகீழ். முதலில் தரையைப் பார்க்க வேண்டும், அடுத்தது சூடு, டைல் கடைசி. கீழே இருக்கும் இரண்டும் எதை அனுமதிக்கின்றனவோ அதற்குள்தான் மேலே இருப்பதைத் தெரிவு செய்ய முடியும்.

சூடு எதற்கு என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். வீடு முழுக்க ஃபர்னஸ் காற்று ஓடும்போது தரைக்குத் தனியாக ஏன் செலவு? தை மாதத்துக் காலையில் வெறுங்காலோடு டைலில் நின்று பார்த்தவர்கள் இதைக் கேட்பதில்லை. உண்மையில் டைல், பக்கத்து அறைக் கம்பளத்தைவிடக் குளிர்ந்து கிடப்பதில்லை. இரண்டும் ஒரே வெப்பநிலைதான். கம்பளம் காலின் சூட்டை மெல்ல இழுக்கிறது, டைல் சட்டென்று இழுத்துவிடுகிறது. அந்தக் குணமே கீழே கம்பி போட்டதும் நமக்குச் சாதகமாகிவிடும். மேலிருந்து வேகமாக இழுக்கிற பொருள் கீழிருந்தும் வேகமாகக் கொண்டுவரும். சூட்டுத் தரைக்கு மரப்பலகையைவிடப் பீங்கானும் கல்லும் பொருந்துவது இதனால்தான். மேற்பரப்பு 28 பாகை செல்சியஸ் வந்தால் போதும். தொட்டால் சுட வேண்டும் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். குளிர் தெரியாமல் நிற்க முடிந்தால் வேலை சரி.

எங்கள் வீடுகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கனடாவின் குளியலறை காய்ந்த தரையை நம்பிக் கட்டப்பட்டது. தொட்டிக்கும் ஷவருக்கும் வெளியே தரையில் தண்ணீர் ஓடுவதற்கு வழியே கிடையாது. ஊரிலிருந்து வந்த அம்மாவும் அப்பாவும் வாளியும் சிரட்டையுமாகப் பழகியவர்கள். கழிவறைக்குள்ளும் தண்ணீர் புழங்கும், சனிக்கிழமை எண்ணெய் முழுக்கும் இருக்கும். சிந்திய தண்ணீர் டைல் இடுக்கால் இறங்கிப் பலகையை ஊறவைத்து, ஒருநாள் கீழ்த்தளத்துக் குசினியின் கூரையில் மஞ்சள் வட்டமாகத் தெரியும். ஆகவே முழுத் தரைக்கும் நீர்காப்பு விரிப்புப் போடாமல் தமிழ் வீட்டில் குளியலறை திருத்துவது வீண்செலவு. சூட்டுத் தரை அந்த ஈரத்தை விரைவாகக் காயவைக்கும். எழுபது வயதில் ஒருவர் இரவு எழுந்து போகும்போது கால் வழுக்காமல் இருப்பது, கால் குளிராமல் இருப்பதைவிடப் பெரிய லாபம்.

இனித் தரைக்கு வருவோம். ஸ்காபரோவில் நான் உடைக்கிற குளியலறைகள் பெரும்பாலும் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கட்டிய வீடுகளில் இருப்பவை. உடைக்கிறது என்று சொன்னாலும் சுத்தியலோடு பாயக்கூடாது. அந்தக் காலத்து ஒன்பது அங்குல வைனல் சதுரங்கள் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிட வேண்டும். அவற்றிலும் அவற்றை ஒட்டிய கறுப்புப் பசையிலும் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஆய்வுக்கு அனுப்பிய பிறகுதான் அடுத்த வேலை. எல்லாம் கழன்றபின் ஒட்டுப்பலகை தெரியும், கழிவறைக் கோப்பையைச் சுற்றி அநேகமாகக் கறுத்து மெத்தென்று கிடக்கும். அதை வெட்டி மாற்றுவது சுலபம். கவனிக்க வேண்டியது அதற்கும் கீழே, பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாக ஓடும் மரச்சட்டங்களை.

மரச்சட்டம் பாரம் ஏறினால் வளையும். பீங்கான் டைலுக்கு, சட்டத்தின் நீளத்தை 360 ஆல் வகுத்தால் வரும் அளவுக்கு மேல் அது வளையக்கூடாது. இயற்கைக் கல் என்றால் 720 ஆல் வகுக்க வேண்டும். பன்னிரண்டடிச் சட்டம் என்றால் பீங்கானுக்கு 0.4 அங்குலம், சலவைக்கல்லுக்கு 0.2 அங்குலம். அசல் இத்தாலிய மாபிள்தான் வேண்டும் என்று நிற்கிறவர்களிடம் நான் விலையைப் பற்றிக் கதைப்பதில்லை. கீழ்த்தளத்துக்குப் போய் ஏணி வைத்துச் சட்டத்தின் உயரத்தையும் நீளத்தையும் அளந்துவிட்டு வருவேன். பாதி வீடுகளில் மாபிள் ஆசை அந்த ஏணியிலேயே முடிந்துவிடும்.

மரத்துக்கு இன்னொரு குணம். இந்த ஊர்க் கோடையில் ஈரம் குடித்து உப்பும், மாரியில் ஃபர்னஸ் காற்றில் காய்ந்து சுருங்கும். மேலே ஒட்டியிருக்கும் டைல் உப்பவும் மாட்டாது, சுருங்கவும் மாட்டாது. இரண்டையும் நேரடியாக ஒட்டினால் விரிசல் நிச்சயம். நடுவில் அசைவைத் தாங்கிக்கொள்ளும் விரிப்பு ஒன்று வேண்டும். ஜெர்மனியின் ஷ்லூட்டர் நிறுவனம் 1987இல் கொண்டுவந்த டிட்ரா என்ற செம்மஞ்சள் விரிப்பை இங்கே எந்தக் கட்டட வேலையிலும் பார்க்கலாம். அதன் இன்னொரு வடிவத்தில் வரிசை வரிசையாகக் குமிழ்கள் இருக்கும், சூட்டுக் கம்பியை அந்தக் குமிழ்களுக்கிடையே காலால் மிதித்தே பொருத்திவிடலாம். பேஸ்மென்டில் சீமெந்துத் தரை என்றால் வேறு கதை. அங்கே வளைவு இல்லை, ஆனால் கம்பிக்குக் கீழே வெப்பத்தடை போடாவிட்டால் நீங்கள் காசு கொடுத்து மண்ணைச் சூடாக்கிக்கொண்டிருப்பீர்கள்.

கம்பி இரண்டு விதமாக வரும். வலையில் தைத்த பாயாக ஒன்று, தனிக் கம்பிச் சுருளாக மற்றது. பாயின் வலையை வெட்டித் திருப்பலாம், கம்பியில் கத்தி படக்கூடாது. நீளம் கூடிவிட்டதென்று கம்பியைக் குறைக்கவே முடியாது, குறைத்தால் அதன் மின்தடை மாறிவிடும். ஆகவே வாங்கும் முன் அளவு சரியாக இருக்க வேண்டும். மூலையும் முடுக்குமான அறைக்கு எனக்குச் சுருள்தான் பிடிக்கும். தரையோடு ஒட்டி நிற்கும் அலுமாரிக்குக் கீழே சூடு போடக்கூடாது, வெப்பம் வெளியேற வழியில்லாமல் தேங்கும். கழிவறைக் கோப்பைக்கு அடியில் ஒரு மெழுகு வளையம் இருக்கிறது. அதற்குக் கிட்டவும் கம்பி போகக்கூடாது, ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

"உது கரண்ட் பில்லைக் கூட்டிப்போடும் தம்பி" என்பது பெரியவர்களின் முதல் பேச்சு. கணக்கைப் பாருங்கள். இங்கே சாதாரணக் குளியலறை ஐந்தடிக்கு எட்டடி, நாற்பது சதுர அடி. தொட்டி, அலுமாரி, கோப்பை போக மிஞ்சுவது இருபது சதுர அடிக்குள். சதுர அடிக்கு ஏறக்குறைய 12 வாட் என்றால் மொத்தம் 240 வாட். காலையும் மாலையுமாக நான்கு மணித்தியாலம் விடாமல் எரிந்தாலும் ஒரு யூனிட் வராது. தலை உலர்த்தும் கருவி ஒன்று 1500 வாட் இழுக்கும், அதைப் பற்றி ஒருவரும் முறையிடுவதில்லை.

மின் இணைப்பை நான் செய்வதில்லை. அது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை, ஒன்ராறியோவில் இ.எஸ்.ஏ. எனப்படும் மின்பாதுகாப்பு ஆணையத்தில் அனுமதியும் எடுக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டுக்குள் 5 மில்லிஅம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் பாதுகாப்பு இருக்க வேண்டும். ஈரத்தரைக்குக் கீழே மின்சாரம் போகிறது, இதில் சிக்கனம் பார்க்கக்கூடாது.

என் பங்கு, கம்பி உயிரோடு இருக்கிறது என்பதை ஒவ்வொரு கட்டத்திலும் உறுதி செய்வது. கம்பியின் நுனியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும், அதில் ஓம் அளவு அச்சாகியிருக்கும். 120 வோல்ட்டில் 240 வாட் என்றால் 60 ஓம். பெட்டியிலிருந்து எடுத்ததும் மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பேன், விரித்து முடிந்ததும் பார்ப்பேன், டைல் பதித்த பிறகும் பார்ப்பேன். மூன்று முறையும் சீட்டில் உள்ளதற்குக் கிட்ட வர வேண்டும். கம்பிக்கும் அதைச் சுற்றிய உலோக உறைக்கும் இடையே அளந்தால் தொடர்பே காட்டக்கூடாது. காட்டினால் எங்கோ காயம் பட்டிருக்கிறது. சாந்து பூசும் கரண்டியின் ஓரம் ஒருதரம் கீறினாலே போதும், அது காயம்தான். கம்பிமேல் பூச நான் பிளாஸ்டிக் கரண்டிதான் எடுப்பேன். வெப்பம் உணரும் சென்சரை இரண்டு கம்பிகளுக்குச் சரி நடுவில் வைக்க வேண்டும், ஒன்றைத் தொட்டுக்கொண்டு கிடந்தால் தரை சூடாகும் முன்பே அது போதும் என்று நிறுத்திவிடும். பக்கத்தில் இன்னொரு சென்சரையும் புதைத்து, அதன் நுனியைச் சுவர்ப் பெட்டிக்குள் சும்மா விட்டுவைப்பேன். சில டொலர்தான். முதலாவது பழுதானால் தரையை உடைக்க வேண்டியதில்லை. மூடுவதற்கு முன் அளவு நாடாவைக் கிடத்திப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுவேன். நாளைக்குக் கதவுத் தடுப்புக்கோ ஷவர்க் கண்ணாடிக்கோ யாராவது தரையில் துளை போட வருவார்கள்.

இப்போதுதான் டைல். போர்சலின் என்று பெட்டியில் எழுதியிருந்தால் அது 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது என்று அர்த்தம், தரைக்கு அதுதான். சுவருக்கென்று விற்கும் மெல்லிய செராமிக்கைத் தரையில் போடச் சொல்லாதீர்கள். வழுக்கலுக்கும் ஓர் அளவு உண்டு. ஈரத் தரைக்கு உராய்வுக் குறியீடு 0.42க்குக் குறையக்கூடாது என்பது இங்குள்ள நியமம், கடைக்காரரிடம் அந்தத் தாளைக் கேட்கலாம். நான் தாளை மட்டும் நம்புவதில்லை. மாதிரி டைல் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தொட்டிக்குள் வைத்து, தண்ணீரோடு இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலால் ஏறிப் பார்க்கச் சொல்வேன். கராஜில் இருக்கும் அந்த முகம் தெரிகிற டைல் இந்தச் சோதனையில் தேறாது. அதைச் சுவருக்கு மாற்றிவிடலாம், அங்கே அதன் வடிவு கெடாது.

மாபிளுக்கு அமிலம் ஆகாது. கழிவறை கழுவும் திரவம் ஒருமுறை சிந்தினால் மினுக்குப் போய் வெளிறும். மஞ்சள் பூசிக் குளிக்கிற வீட்டில் வெள்ளைக் கிரவுட்டும் தாங்காது, சாம்பல் நிறமே நிம்மதி. பெரிய டைலுக்குத் தரை மிகவும் மட்டமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 15 அங்குலத்தைத் தாண்டினால், பத்தடிக்குள் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் மேடுபள்ளம் கூடாது. மரம்போல அச்சடித்த நீள டைல்கள் சூளையிலிருந்து வரும்போதே நடுவில் சற்று வளைந்திருக்கும். செங்கல் வரிசைபோலப் பாதிக்குப் பாதி தள்ளி வைத்தால் ஒன்றின் மேட்டுக்குப் பக்கத்தில் மற்றதன் பள்ளம் வந்து கால் தட்டும். மூன்றில் ஒன்றுக்கு மேல் தள்ளக்கூடாது. ஷவருக்குள் அடிக்குக் கால் அங்குலம் சரிவு வேண்டும், அங்கே பெரிய டைல் மடங்காது. இரண்டு அங்குலச் சதுரங்கள் சரிவோடு இறங்கும், அவற்றின் இடைக்கோடுகள் பாதத்துக்குப் பிடியும் கொடுக்கும்.

ஆத்தங்குடிக் கல்லைக் கொண்டுவந்து போடலாமா என்று கேட்டவர்களும் உண்டு. ஆசை நியாயமானது. ஆனால் அது தடித்த சீமெந்துக் கல். தடித்த தோசைக்கல் போல மெல்லச் சூடேறும், மெல்ல ஆறும், தண்ணீரும் குடிக்கும். விரிப்பு, சாந்து, சாதாரண டைல் சேர்ந்தாலே தரை முக்கால் அங்குலம் உயர்ந்து கதவின் அடியை அறுக்க வேண்டி வருகிறது. ஆத்தங்குடிக் கல்லை வாசல் நடைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் பதில்.

பதிக்கிற விதத்திலும் ஒரு வார்த்தை. நாலு மூலைக்கும் நடுவுக்கும் சாந்துக் குவியல் வைத்து டைலை அமுக்கும் பழக்கம் ஊரில் உண்டு, இங்கேயும் அதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சூட்டுத் தரையில் அது பாவம். குவியல்களுக்கிடையே காற்று நிற்கும், காற்று வெப்பத்தைக் கடத்தாது. ஓரிடம் சுட்டும் ஓரிடம் சில்லிட்டும் கிடக்கும், தட்டினால் வெற்றொலி கேட்கும். பல் வைத்த கரண்டியால் சாந்தை ஒரே திசையில் நேர்கோடுகளாக இழுத்து, டைலின் முதுகிலும் மெல்லப் பூசி, கோடுகளுக்குக் குறுக்காக டைலை முன்னும் பின்னும் அசைத்து அமர்த்த வேண்டும். கோடுகள் சரிந்து காற்று ஓரத்தால் போய்விடும். இடையிடையே ஒன்றைக் கிளப்பிப் புரட்டிப் பார்ப்பேன். முதுகில் 95 சதவீதம் சாந்து பிடித்திருக்க வேண்டும். கோடுகள் கோடுகளாகவே தெரிந்தால் கரண்டியின் பல் போதாது, பெரியதை எடுக்க வேண்டும். சுவரோரம் கிரவுட் போடாமல் சிலிக்கோன் விட வேண்டும், சூடேறும் தரை நகர இடம் வேண்டுமே.

முடிந்த அன்றிரவே சூட்டைப் போட்டுப் பார்க்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். கூடாது. சாந்து தானாக இறுக வேண்டும். தயாரிப்பைப் பொறுத்துச் சிலர் 7 நாள் என்பார்கள், சிலர் 28 நாள். பெட்டிக்குள் இருக்கும் தாளில் எது எழுதியிருக்கிறதோ அதுதான் சட்டம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மிஞ்சிய டைலைக் கடையில் திருப்பிக் கொடுத்துக் காசு வாங்கிவிடாதீர்கள். கம்பியில் பிழை வந்தால் வெப்பக் கமராவும் கருவிகளும் வைத்து இடத்தைக் கண்டுபிடித்து, ஒன்றிரண்டு டைலை மட்டும் உடைத்துச் சரிசெய்ய முடியும். அன்றைக்கு அதே நிறத்தொகுதி டைல் எந்தக் கடையிலும் இருக்காது. ஒரு பெட்டியை, தொகுதி எண் தெரிகிற பக்கம் வெளியே பார்க்க, கராஜில் வைத்துக்கொள்ளுங்கள்.